ஒருக்கால்

அந்தோஃபகாஸ்தாவிலிருந்து வந்திருந்த
ஓஸ்வால்டோ திரோன்கோசோ
நானூற்றெண்பது ஜோடி என்றார்.
அறுநூறு என்றேன்.
பேரமில்லை ஐயா,
அதற்குக் குறைந்தால் தோல் பதனிடுகிறவன்
சாயப் பீப்பாயைச் சுழற்றமாட்டான்.
உங்கள் தேன்பழுப்பு
வேறு யாரும் கேட்காத நிறம்.

லியோன் நகரத்து ஆகஸ்ட் மழை
தகரக் கூரையில் இறங்கி
எங்கள் பேச்சில் பாதியைத் தின்றது.
காப்பியில் ஆடை படிந்தது.

அட்டைப்பெட்டிக்குப் பன்னிரண்டு ஜோடி.
இருபத்தைந்தில் ஒன்று, இருபத்தாறில் மூன்று,
இருபத்தேழில் நான்கு, இருபத்தெட்டில் மூன்று,
இருபத்தொன்பதில் ஒன்று.
எங்கள் ஊரில் சுரங்கக்காரர்கள் அதிகம்,
பெரிய பாதங்கள், என்றார்.
இருபத்தொன்பதை இரண்டாக்கி
இருபத்தைந்தை அடித்தேன்.
பேனா ஒருமுறைதான் கோடிழுத்தது.

ஒரு ஜோடியை ஒரு நாளில் தைக்கிறீர்களே,
ஐந்து வாரம் எதற்கு?
கூட்டிப்போய்க் காட்டினேன்.
இந்த வடிவத்துக்கு எங்களிடமிருப்பது
நாற்பது ஜோடி அச்சுக்கட்டை.
அதன்மேல் இழுத்து, ஆணி அடித்து,
சூடாக்கி, குளிரவிட்டு,
தோல் மாட்டை மறந்து
பாதத்தை மனப்பாடம் செய்யும்வரை
கட்டையை உருவ முடியாது.
அவசரப்பட்டு உருவினால்
மூன்றாம் மாதம் வாய் பிளக்கும்,
உங்கள் கடைவாசலில், என் முகவரியோடு.

முன்பணம் கால்.
சரக்கு சேர்ந்த பத்தாம் நாள் முக்கால்.
முதலாளிக்கு அது பிடிக்கவில்லை.
ஆனாலும் சீசன் முடிகிற நேரம்,
தையல் வரிசை ஒன்று சும்மா கிடந்தது.

தோனாசியானோ ராத்திரியோடு ராத்திரியாக
மாதிரி ஜோடியை முடித்தான். அளவு இருபத்தேழு.
உள்துணியில் இருவரும் கையெழுத்திட்டோம்.
வெளிப்புறக் கன்னத்தில் லேபிள் ஒட்டினேன்: எண், தேதி.
இடது அவருக்கு. வலது எங்களுக்கு.
இனி எல்லா வழக்கும்
இந்த இரண்டு ஒற்றைகளுக்கு நடுவில்.

ஜனவரியில் கடிதம் வந்தது.
நிறம் கருத்திருக்கிறது.
மாதிரி வேறு, சரக்கு வேறு.
முக்கால் தருவதற்கில்லை.
கூடவே ஒரு படம்:
எங்கள் சப்பாத்தின் பக்கத்தில் அவருடைய இடது,
பால் அதிகமாகிப்போன டீ போல.

முதலாளி வெட்டும் அறைவரை போய்க் கத்தினார்.
சாயக்காரன் பிள்ளைகள் தலையில் சத்தியம் செய்தான்.
இரும்பு அலமாரியைத் திறந்தேன்.
வலது அப்படியே இருந்தது,
அறுநூறு ஜோடிக்கும் கூடப்பிறந்ததுபோல.
ஒருக்கால் மாதிரியையே மாற்றிவிட்டாரோ?
ஒருக்கால் இரவு வேலையில்
தோனாசியானோ இரண்டு தோலில் வெட்டினானோ?
இரண்டு நாள் அந்தச் சொல்லோடு படுத்தேன்.
சண்டைக்கான கடிதம்கூட எழுதி வைத்தேன்,
நன்றாகவே எழுதியிருந்தேன்.

அனுப்புமுன் படத்தைப் பெரிதாக்கினேன்.
சப்பாத்துக்குப் பின்னால் சன்னல்.
சன்னலில் பாலைவனம், கடல்,
இடையில் ஒரு மரமில்லாத வெயில்.

மாதிரியை எங்கே வைத்திருந்தீர்கள்?

மேசைப் பக்கம், சன்னலில்.
அழகாயிருந்தது,
அலமாரியில் பூட்ட மனம் வரவில்லை.

லேபிளை உரித்துப் பாருங்கள்.

அன்று பதில் இல்லை.
மறுநாள் காலை
சொல்லே இல்லாமல் ஒரு படம்:
வெளிறிய கன்னத்தில்
தீப்பெட்டி அளவுக்குத் தேன்பழுப்பு,
ஓரங்களில் பசை.

திங்களன்று முக்கால் வந்தது.
வங்கிக் கட்டணத்தை எங்கள் தலையில் கட்டியிருந்தார்.

மார்ச்சில் மறு ஆர்டர். அதே நிறம்.
எட்டுக் கண்ணியை ஆறாக்கினால்
ஜோடிக்கு எத்தனை பெசோ குறையும்?
பிறகு, கடைசி வரியில்,
இருபத்தைந்தில் ஒன்று வேண்டும்,
கேட்டு வந்து திரும்பிப் போகிறார்கள்.

பெட்டியில் பன்னிரண்டுதான் இடம்.
எந்த அளவை அடிக்க, என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.