ஒரே அகலம்

m-க்கும் i-க்கும் ஒரே அகல அறை.
அதுதான் ஒப்பந்தம். அறுநூறு அலகு,
மயிரிழை கூடாது, குறையாது.

லாஸ்னமாயேயில் ஒன்பதாம் மாடி என்னுடையது.
கான்கிரீட் பலகைகளை அடுக்கி எழுப்பிய குடியிருப்பு,
எல்லா ஜன்னலும் ஒரே அளவு.
எதிர்க் கட்டடத்தில் ஒரு ஜன்னலுக்குள் ஐந்து பேர் சூப் குடிக்கிறார்கள்.
பக்கத்து ஜன்னலில் ஒருவர், ஒரு நாற்காலி, அணையாத டிவி.
m-ஐ வரையும்போது அந்த ஐவரைப் பார்ப்பேன்:
நடுக்காலைக் குட்டையாக்கு, தோளை ஒடுக்கு,
மூச்சு முட்டாமல் பார்த்துக்கொள்.
i-க்கு வேறு சிக்கல்.
வெறும் குச்சியாக நின்றால்
இரண்டு பக்கமும் காற்று விசிலடிக்கும்.
அடியில் ஒரு பலகை கொடுத்தேன், தலைக்கு இடப்பக்கம் ஒரு கை,
தனியாள் சோபாவில் காலை நீட்டிக்கொள்வது மாதிரி.
கொம்பும் குஞ்சலமும் இல்லாத எழுத்துரு என்றுதான் விற்கிறேன்.
i-க்கு மட்டும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

பிறகு தடிப்பு.
வெளியே போக இடமில்லாததால்
உள்ளே தடிக்கும் எழுத்து.
a-வின் வயிறும் e-யின் கண்ணும் அடைபட்டு வர
கருப்பைச் செதுக்கிச் செதுக்கி
வெள்ளையைக் காப்பாற்றினேன்.
õ-வின் தலைமேல் இருக்கும் அலை –
நான் சாரெமா தீவுக்காரி, அந்த ஒலி என் வாயில் வராது,
ö என்றே வரும், தாலினில் சிரிப்பார்கள்.
வரைய வரும்.
மூன்று வாரம் ஆயிற்று அந்த அலைக்கு.

0-வின் நடுவில் ஒரு புள்ளி. l-க்கு வால். 1-க்குக் கொடி.

துறைமுகத்தார் வாங்கினார்கள்:
ஹெல்சிங்கிக் கப்பலுக்கு வரிசை நிற்கும் லாரிகளின் எண்கள்
நவம்பர் தூறலிலும் தெரிய வேண்டுமாம்.
புரோகிராம் எழுதும் பிள்ளைகள் வாங்கினார்கள்,
இரவு மூன்று மணிக்கு
திறந்த அடைப்புக்குறியின் நேர்கீழே
மூடிய அடைப்புக்குறி நிற்கிறதா என்று பார்க்க.
வெப்ப நிறுவனமும் வாங்கியிருக்கிறது.
அது எனக்குத் தெரியாது.

பிப்ரவரியில் கீழ்வீட்டு ஃபாயினா கதவைத் தட்டினாள்,
கையில் வெப்பக் கட்டண பில்.
"எந்த மகராசன் வரைந்த எழுத்தோ, உர்வே,
கண்ணாடி போடாமலே என் கடனைப் படித்துவிட்டேன்."
மூன்று மாத பாக்கி.
யூரோவுக்கு நேர்கீழே யூரோ, புள்ளிக்கு நேர்கீழே புள்ளி,
ஒரு காசும் வரிசை விலகவில்லை.
நான்தான் என்றேன்.
என்னைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள்.
"அப்படியென்றால் இந்த 8-ஐக்
கொஞ்சம் ஒல்லியாகப் போட்டிருக்கக் கூடாதா?"
சிரித்தோம். அவள் முதலில் நிறுத்தினாள்.

தேநீர் ஆறும்வரை இருந்தாள்.
பில்லை மறந்து வைத்தாளோ, வைத்துத்தான் போனாளோ,
மேஜையில் கிடந்தது.
விளக்கடியில் பிடித்தேன். மலிவு அச்சு, மை ஊறி
8-இன் இரண்டு கண்ணும் தூர்ந்திருந்தன.
B என்று சத்தியம் செய்யலாம்.

கோப்பைத் திறந்தேன்.
மேல் கண்ணை நான்கு அலகு அகட்டினேன், கீழ்க் கண்ணை ஆறு.

அடுத்த மாதம் அவளுக்கு
இன்னும் நன்றாகத் தெரியும்.