முதல் போணி

ஃபைஃப் கடற்கரையில் ஊர்மன்றக் கூடம்.
நேற்றுவரை இங்கே பூப்பந்து ஆடினார்கள்.
தரையின் மஞ்சள் கோடுகளை
கறுப்புத் துணியால் மூடி
இருளைக் கடைபரப்பிவிட்டோம்.

இஷ்பெல்லின் மெழுகுவர்த்திகளை ஏற்றக் கூடாதாம்,
தீயணைப்பு விதி.
வாரநாளில் குழாய் ரிப்பேர் பார்க்கும் டூகல்
தோலில் தைத்த வௌவால்களைக்
கூடைப்பந்து வளையத்தில் தலைகீழாகக் கட்டுகிறான்.
சீட்டுப் பார்த்துப் பலன் சொல்லும் மோர்வென்,
தன் காருக்கு வெளியே அபராதம் ஒட்டியிருப்பதை
இன்னும் அறியாள்.

என் மேசையில் பதினோரு சவப்பெட்டிகள்.
நகை வைக்க, சாவி வைக்க,
பழைய காதல் கடிதம் வைக்க
என்று அட்டையில் எழுதியிருக்கிறேன்.
வால்நட் மரம். உள்ளே ஊதா வெல்வெட்.
மூடியில் ஈயத்தில் வார்த்த மண்டையோடு.
ஆறு மாதத்து மாலைகள் அத்தனையும்.

பத்திலிருந்து பன்னிரண்டு வரை
எடுக்கிறார்கள், திறக்கிறார்கள், படம் பிடிக்கிறார்கள்,
"எவ்வளவு அழகு!"
வைத்துவிட்டுப் போகிறார்கள்.
மை அப்பிய என் முகத்தில்
ஈயாடவில்லை.

அப்போதுதான் அந்த மஞ்சள் மழைக்கோட்டு.
எட்டு வயது இருக்கும்.
பள்ளிக்கூட ஸ்கேலை எடுத்து
பெட்டி பெட்டியாக உள்ளே வைத்துப் பார்த்தாள்.
"பதினாலு சென்டிமீட்டர் வேணும்.
காலை நீட்டினால் பதினைந்து."

யாருக்கு?
"மேஜருக்கு."
வெள்ளெலி. செவ்வாய்க்கிழமையிலிருந்து
ஃப்ரீசரில், பட்டாணிக்குப் பக்கத்தில்,
ஐஸ்கிரீம் டப்பாவில் படுத்திருக்கிறானாம்.
அம்மாவுக்கு டப்பா திரும்ப வேண்டுமாம்.

மூன்று வருடமாகச் சாவை விற்கிறேன்.
சாவு விழுந்து
என்னிடம் வந்தவர் யாருமில்லை.

நாற்பத்தைந்து பவுண்டு விலைச்சீட்டை
முழங்கையால் மறைத்தேன்.
அவள் உள்ளங்கையில் ஏழும் சில்லறையும்.
"மண்டையோடு இல்லாதது இருக்கா?
அவன் பயப்படுவான்."

டூகல் ஸ்க்ரூ டிரைவரோடு வந்தான்.
கழற்றிய இடத்தில் இரண்டு துளைகள்.
"நல்லது, மூச்சு விட" என்றாள் ஊனா.
பிறகு கொஞ்சம் யோசித்து,
"பரவாயில்லை, இருக்கட்டும்."

இஷ்பெல் ஒரு கறுப்பு மெழுகுவர்த்தியைத் திணித்தாள்:
வெளியே போய் ஏற்று.
மோர்வென் சீட்டைக் கலைத்தாள், கலைத்தாள்,
ஒன்றையும் திருப்பவில்லை.

சும்மா கொடுத்திருக்கலாம்தான்.
ஆனால் அவள் வாங்க வந்திருந்தாள்.
ஏழு பவுண்டையும் எண்ணி வாங்கி
கேட்டபடி ரசீது எழுதினேன்:
மேஜர். பெட்டி, ஒன்று. முழுத்தொகை பெற்றேன்.

அதற்குப் பிறகு
இரண்டு விற்றன. ஒன்றில் காதணி வைப்பார்களாம்,
ஒன்றில் தேயிலைப் பொட்டலங்கள்.

ஐந்து மணி. மழை.
மீதி எட்டையும் அடுக்கித் தூக்கும்போது
கோட்டுப் பையில் ஈய மண்டையோடு
சில்லறையோடு உரசிக்கொண்டே வந்தது.
எனக்குப் பின்னால் யாரோ
பூப்பந்து வலையைக் கட்டத் தொடங்கியிருந்தார்கள்.