பதினைந்து மீட்டர்

வண்ணாரப்பேட்டைக் கடையில்
முந்நூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு ஒயர்,
பாலிதீன் உறையில்.
முனையில் தங்கம் பூசி, உடம்புக்கு நூல் பின்னி
நாலாயிரத்து எண்ணூறுக்கு இன்னொன்று,
வெல்வெட்டில், கம்மல் மாதிரி.
மூன்றாவது கண்ணாடி இழை.
அதன் விலையைக் கடைக்காரர் வாயால் சொல்லவில்லை,
கால்குலேட்டரில் தட்டித் திருப்பிக் காட்டினார்.

என் வீட்டுக்காரர் பெயர் தேவசித்தம்.
கடைக்குள் நுழைந்தால் மட்டும் சுயசித்தம்.
"தங்கத்துல படம் தெளிவா இருக்கும்லா?"
"சின்ன ஒயர்ல எல்லாம் ஒண்ணுதான் சார்.
எவ்வளவு தூரம்னு சொல்லுங்க,
பெறவு விலையப் பேசுவோம்" என்றான் அசனார்,
ஒயர் இழுக்க வந்த மேலப்பாளையத்துக்காரன்.

தூரம் பதினைந்து மீட்டர்.
மகாராஜ நகர் வீட்டு மாடியில்
முன்சுவரோரம் பெட்டிகள்,
பின்சுவர் உச்சியில் புரொஜக்டர்,
இடையே சுவருக்குள் ஒரு இஞ்சுக் குழாய்,
அதற்கு மூன்று வளைவு.

திருப்பித் தரலாம் என்ற பேச்சில்
எல்லாவற்றையும் அள்ளி வந்தோம்.
இவரைச் சன்னல் பக்கம் திருப்பி நிறுத்திவிட்டு
சின்ன டிவியில் மாற்றி மாற்றிச் செருகினேன்.
திரும்பச் சொல்லி
"எது தங்கம்?" என்று ஐந்து முறை கேட்டேன்.
ஐந்து முறையும் தயக்கமில்லாமல் சொன்னார்.
இரண்டு சரி.

பதினைந்து மீட்டர் செம்பைத் தரையில் விரித்தோம்.
படம் வந்தது, கடுகு வெடித்தது போல
வெள்ளைப் பொறி தெறித்தது,
பிறகு கறுப்பு.
மங்கவில்லை, தேயவில்லை,
சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போன விருந்தாளி.

குழாய்க்குள் ஏற்கெனவே கிடந்தது
மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று தலை ஒயர்.
வீட்டை விற்றவர் விட்டுப்போனது.
அசனார் சும்மா அதையும் மாட்டிப் பார்த்தான்.
வாசிப்பவளின் சேலைச் சிவப்பு
தோளைத் தாண்டி ஒழுகியது.
மூக்கு எது, நிழல் எது, தெரியவில்லை.
ஆனாலும் செய்தி முடியும்வரை
அவள் இருந்தாள்.

கடைசியில் கண்ணாடி இழைதான்.
இழுக்கிற ஸ்பிரிங் இரண்டாம் வளைவில் முட்டி நின்றது.
மூன்று தலை ஒயரின் வாலில்
புதியதன் கழுத்தைக் கட்டி
பவுடர் கொட்டி இழுத்தோம்.
பழசு வர வர, புதுசு போனது.
குழாய் வாயைச் சிமென்ட் வைத்துப் பூசி
கையைக் கழுவி வந்து பொத்தானை அமுக்கினால்
நீலத்திரை. சிக்னல் இல்லை.

அசனார்தான் கண்டுபிடித்தான்.
ஒயரின் கழுத்தில்
அரிசி முனை அளவுக்கு ஓர் அம்பு.
செம்புக்கு எந்தத் தலையும் தலைதான்,
இது ஒரு பக்கம் அனுப்பும்,
மறுபக்கம் காட்டும்.
மாற்றிச் செருகினால் ஊமை.
ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டான்.
"அம்பு இருக்கு மேடம். நான் பாக்கலை."

ஒன்பது மணி. வெளியே ஐப்பசி மழை.
இவர் கத்தப்போகிறார் என்று
டம்ளர்களை எடுத்து உள்ளே வைத்தேன்.
கத்தவில்லை.
ஈரச் சிமென்டை விரலால் நோண்டி எடுத்துவிட்டு
மூன்று தலை ஒயரை வேட்டி நுனியில் துடைத்தார்,
"கட்டும்வே" என்றார்.

அது மறுபடி உள்ளே போனது,
மறுபடி வெளியே வந்தது.
பத்தரைக்கு வெளிச்சம் விழுந்தது சுவரில்.
படம் எதுவும் போடத் தோன்றவில்லை.
வெறும் மெனுவை,
அதன் எழுத்து ஓரங்களை,
மூன்று பேரும் கால்மணி நேரம் பார்த்தோம்.

கூலியை எண்ணி வாங்கிப் பையில் வைத்தபின்
தரையில் சுருண்டு கிடந்ததைக் காலால் தொட்டு
"இதை நான் எடுத்துக்கிடட்டா?
நாளைக்குத் தச்சநல்லூர்ல ஒரு வீடு.
அங்கயும் மூணு வளைவு" என்றான்.