கோவிந்தாபுரம் சோதனைச்சாவடியில் ஐந்து மணி நேரம்

பஸ்ஸுக்குக் கேரள வரி கட்டவில்லை.
கட்டலாம் என்றால் அவர்கள் கணினி எழுந்திருக்கவில்லை.
கிள்ளானிலிருந்து வந்த முப்பத்தொரு பேர்
குருவாயூருக்கு இந்தப் பக்கம்
சிவப்பு வெள்ளைக் கம்பத்துக்கு முன்னால்
முறுக்குத் தின்றுகொண்டிருந்தோம்.

என் பெட்டியில், பட்டுச் சேலைக்கு அடியில்,
மடக்கினால் ஒரு முழம், இழுத்தால் ஏழடித் தூண்டில்.
விமான நிலையத்தில் கேட்டதற்குக்
குடைக்கம்பி என்றிருந்தேன்.

"அம்பலத்துக்கா?" என்றார் ஆட்டோ சுபைர்.
"இல்லை. தண்ணி எங்கே இருக்கு?"
"குடிக்கவா?"
தூண்டிலைக் காட்டினேன்.
கண்ணாடியைத் திருகி ஒரு தடவை என்னைப் பார்த்தார்.
பிறகு ஓட்டினார்.

காய்ப்பு முடிந்த மாந்தோப்புகள். வேலியில் கிழிந்த சாக்கு.
தெற்கே மலை
ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றது.
ஏரி என்று அவர் சொன்னதில்
பாதிக்கு ஆம்பல், மீதிக்கு எருமை.

தஞ்சோங் காராங் வயல் வாய்க்காலில்
ஞாயிறுதோறும் நான் எறிகிற அதே ரப்பர் தவளை.
அங்கே இந்த மீன் ஹாருவான்.
போன வருஷம் வயிற்றைத் திறந்து தைத்த வாரம்
பக்கத்துக் கட்டில் ரொஹானா அக்கா
தன் சூப்பில் பாதியை என் கிண்ணத்தில் ஊற்றினாள்:
ஹாருவான், புண் சீக்கிரம் மூடும்.
மூடியது.
எடுக்க வேண்டியதை எடுத்துவிட்டார்கள்,
மூட மிச்சம் இருந்தது தோல் மட்டும்தான்.

முதல் வீச்சில் தையல் இழுத்தது.
இரண்டாவது ஆம்பல் தண்டில்.
மூன்றாவதில் தவளை விழுந்த சத்தம் அடங்குமுன்
தண்ணீர் கதவை உதைத்துத் திறந்த மாதிரி
ஓர் அடி.
நரம்பு கத்தியது. எருமை ஒன்று திரும்பிப் பார்த்தது.
வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு
சுபைர் முழங்கால் சேற்றில் இறங்கிவிட்டார்:
"கண்ணன்! சேச்சி, கண்ணன்!"

எங்கே என்று கேட்டேன், பைத்தியக்காரி.
"இதுதான். வரால். இவிடெ கண்ணன்னு பறயும்."
இரண்டு கிலோ இருக்கும்.
கருத்த முதுகு, வெளுத்த வயிறு, இமைக்காத கண்.

அப்போதுதான் பார்த்தேன்,
அது கிளம்பி வந்த இடத்தில்
ஒரு தாம்பாளம் அகலத்துக்குத் தண்ணீர் சிவப்பாகக் கொதித்தது.
விரல்நுனி நீளக் குஞ்சுகள், நூறோ ஆயிரமோ,
மேலே வந்து ஒரு வாய் காற்று, கீழே,
மறுபடி மேலே,
காவல் போன பக்கம் தெரியாமல்.

பசிக்குக் கடிக்கவில்லை இது.

முள்ளைக் கழற்றக் கட்டைவிரலை வாய்க்குள் விட்டேன்.
அரத்தால் ராவினாற்போல் பல்.
தாயா தகப்பனா, எனக்குப் பார்க்கத் தெரியாது.
தண்ணீரில் வைத்ததும்
நன்றி கின்றி ஒன்றும் இல்லை,
முகத்தில் சேற்றை அடித்துவிட்டுப் போனது.

"கிலோ அறுநூறு" என்றார் சுபைர், தண்ணீரிடம்.
ரிங்கிட்டாக மாற்றிப் பார்த்தேன், எனக்கும் வலித்தது.

திரும்பும் வழியில் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.
ரயில்வே கேட்டில் நின்றபோது கேட்டார்:
"சேச்சிக்கு மக்கள் எத்ர பேர்?"
எந்த மொழியில் கேட்டார் என்று எனக்குத் தெரியும்.
நான் தமிழில் எடுத்துக்கொண்டேன்.
"முப்பத்தொரு பேர். பஸ்ஸில் இருக்காங்க."
கேட் திறந்த பிறகும்
வண்டியை நகர்த்த அவருக்குக் கொஞ்சம் நேரம் ஆனது.

கணினி விழித்துவிட்டிருந்தது. கம்பம் மேலே.
கடைசியாக ஏறினேன்.
மூக்கைச் சுருக்கினாள் நாத்தனார் மங்களேஸ்வரி:
"கண்ணனைப் பார்க்கப் போற நேரத்தில் என்ன கவிச்சி இது?"
சோப்பு கிடைக்கலை என்றேன்.

ஜன்னல் வெளிச்சத்தில் கட்டைவிரலைப் பார்த்தேன்.
குறுக்கே ஏழெட்டுக் கோடு, இன்னும் ரத்தம் கசிகிறது.
நாளைக் காலை வாங்கும் சந்தனம்
இதில் நன்றாக எரியும்.