மூன்றரை மீட்டர்

அவர்களுடைய கோப்பு நேற்று மாலைதான் வந்தது.
பதினான்கு மாதம், ஆறு கடிதம்,
கடைசியில் ஒரு பெண்டிரைவ்,
கரிபாப் பொட்டலத்தோடு.
கொண்டுவந்த யாப் சீ மெங் சொன்னான்:
"எல்லாக் கால்வாயும் இருக்கிறது.
சிலதுக்குப் பெயர்தான் இல்லை, கோபித்துக்கொள்ளாதே."

எல்லைக்கு இந்தப் பக்கம் கோலாலம்பூர், நாங்கள்.
அந்தப் பக்கம் பெட்டாலிங் ஜெயா, அவர்கள்.
எங்கள் படத்தில் கால்வாய் வந்து
கோட்டில் நின்றுவிடும்,
நறுக்கிய வெண்டைக்காய் மாதிரி.
அதற்கப்பால் வெள்ளை.
அவர்கள் படத்தில் நாங்கள் வெள்ளை.
போன நவம்பரில்
பழைய கிள்ளான் சாலை இடுப்பளவு முங்கியபோது
வெள்ளையிலிருந்துதான் வெள்ளம் வந்தது என்று
இரண்டு அலுவலகமும் அறிக்கை எழுதின.

இன்று காலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன்.
பொருந்தவில்லை.
அவர்களது பழைய அளவை, எங்களது புதிது.
பூமியின் வடிவத்தைப் பற்றியே
இரண்டு மன்றங்களுக்கும் கருத்து வேறுபாடு.
நகர்த்தினேன். கால் பாகை திருப்பினேன்.
மெல்ல, கால்வாயோடு கால்வாய் சேர்ந்தது.
எங்கள் படத்தில் முப்பது வருடமாய்
எங்கும் போகாமல் நின்றிருந்த ஓடைக்கு
இன்றுதான் ஒரு வாய் கிடைத்தது.
ரொஹைசா எழுந்து வந்து பார்த்தாள்.
"அட, இங்கேயா அடைக்கிறது!"
நின்றபடியே வடிகால் பொறியாளருக்குப் போன் போட்டாள்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கீற்று கண்ணில் பட்டது.
எங்கள் கோடு முடிந்து
அவர்கள் கோடு தொடங்குமுன்
மூன்றரை மீட்டர் அகலம், அறுபது மீட்டர் நீளம்,
யார் கணக்கிலும் இல்லாத தரை.
மென்பொருள் சிவப்பில் காட்டுகிறது: பிழை.

எனக்குத் தெரியும் அந்தப் பிழையை.
அதில் ஓர் அங்சானா மரம்,
எரியாத விளக்குக் கம்பம்,
அஞ்சுகத்தின் ஒட்டுக்கடை.
லைசென்ஸ் கேட்டுப் போனபோது
அங்கே போ என்றோம் நாங்கள்.
இங்கே போ என்றார்கள் அவர்கள்.
சம்மன் எழுத வந்தவர்களும்
அதையே சொல்லித் திரும்பினார்கள்,
ஆளுக்கு இரண்டு வடை தின்றுவிட்டு.
பத்தொன்பது வருடம்.
விளக்கும் வரவில்லை, வில்லங்கமும் வரவில்லை.

மதியம் பசியாறப் போனேன்.
கைப்பேசியில் சிவப்பைக் காட்டினேன்.
"கோட்டை ஒட்டிவிட்டால் விளக்கு வரும், அக்கா."
"கூட என்னென்ன வரும்?" என்றாள்,
எண்ணெயிலிருந்து கண் எடுக்காமல்.
எனக்குப் பதில் ஓடவில்லை.
இரண்டு ஈடு வடை வெந்து இறங்கியது.

"தண்ணி ஏறின ராத்திரி
அடுப்பைத் தலையில் தூக்கிக்கொண்டு
எந்தப் பக்கம் மேடு என்று தெரியாமல்
இங்கேயே நின்றேன், இருட்டில்.
விளக்கு வரட்டும்.
எந்தப் பக்கம் வாடகை குறைச்சலோ
அந்தப் பக்கம் இழு."
நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.
அதை ஒரு விண்ணப்பமாகவே சொல்லியிருந்தாள்.

மணி ஐந்து.
வியாழன் கூட்டத்துக்குக் கோப்பு போயாக வேண்டும்.
பிழையைத் தானாகச் சரிசெய்யவா என்று
மூன்றாவது முறை கேட்கிறது திரை.
வேண்டாம் என்று அழுத்தி
குறிப்புக் கட்டத்தில் தட்டினேன்:
மரம் ஒன்று. கம்பம் ஒன்று, எரியவில்லை.
கடை ஒன்று. அஞ்சுகம். முதலில் இவரிடம் பேச வேண்டும்.

கட்டம் அவ்வளவு எழுத்து கொள்ளாது போல.
'முதலில் இவரி' வரை வந்து
கோட்டில் நின்றுவிட்டது.

இரண்டு அலுவலகத்துக்கும் அப்படியே அனுப்பினேன்.