நான்காம் நிலையம்

துவாஸ் கடலோரம், வேலிக்கு வெளியே
ஒன்பது பெட்டிகள். ஒன்பதும் என் பொறுப்பு.
வியாழன்தோறும் வடிதாளை மாற்றுவேன்,
புனலில் தேங்கிய மழையைக் குடுவையில் சரிப்பேன்,
லாலாங் புல் ஒரு பிடி, கடல்நீர் ஐந்து லிட்டர்.
உள்ளே அவர்கள்
ஒரு கையளவு வெயிலைக்
காந்தத்தில் கட்டிப்போடப் பார்க்கிறார்கள்.
போன மாதம் ஏழு நொடி நின்றதாம். கேக் வெட்டினார்கள்.
எனக்கும் ஒரு துண்டு வந்தது.

டிரிட்டியத்துக்கு நிறமில்லை, வாசமில்லை,
தண்ணீரோடு தண்ணீராய்ப் போய்விடும்.
என் அறிக்கையில் 'இல்லை' என்று எழுத அனுமதியில்லை.
'கண்டறியும் எல்லைக்குக் கீழே.'
ஆறு வருடமாக அதையேதான் எழுதுகிறேன்.

மழை பெய்தால் எண்கள் ஏறும்.
வந்த புதிதில், நள்ளிரவு, டாக்சி பிடித்து ஓடிவந்தேன்.
சுமத்ரா காற்று. குடை பறந்தது.
தொப்பலாக நின்றுகொண்டிருக்கும்போதே
எண் தானாக இறங்கிக்கொண்டிருந்தது.
மண் மூச்சுவிட்டதை வானம் திருப்பித் தருகிறது,
வேறொன்றுமில்லை.

மழையே இல்லாத ஒரு செவ்வாய்,
பிற்பகல் மூன்று பதினேழுக்கு
நான்காம் நிலையம் அலறியது.
அது மட்டும். மூன்றும் ஐந்தும் தூக்கத்தில்.
திரையில், நூற்று நாற்பதில் ஒரு கூர்முனை.
எங்கள் உலையின் கையெழுத்து இல்லை இது.
மருத்துவமனையில் ஊசிவழி ஏற்றுவது,
எலும்பில் எதுவும் பரவியிருக்கிறதா என்று பார்க்க.

பெட்டியின் நிழலில்
காவலர் ரோஸ்லான்
நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.
"மெஷின் கெட்டுப்போச்சா மிஸ்?"
பிறகு, நான் கேட்காமலே,
"காலையில பல் டாக்டர். அதான் அரைநாள் லீவு."

பேட்டரிதான், என்றேன்.
அங்கே எறும்பு, கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், என்றேன்.
பொட்டலத்தோடு எழுந்து
மழைமரத்தடிக்குப் போனார்.
எண்ணும் அவரோடு போனது.

ஆறு மணிநேரத்துக்கு ஒருமுறை அது பாதியாகும்.
நாளை மறுநாள் அவர் எல்லோரையும்போல ஆகிவிடுவார்.
முடிவு வர எத்தனை நாளாகுமோ.

காரணம் எழுத ஒரு கட்டம்:
'வெளிமூலம். நிலையத்தோடு தொடர்பில்லை.'
பெயருக்கும் ஒரு கட்டம் இருந்தது.
அதில் கோடு போட்டேன்.

வியாழன் காலை கேட்டில்
வழக்கம்போலக் கையசைத்தார்.
கொஞ்சம் மெலிந்திருக்கிறாரா,
இல்லை நான் இப்போதுதான் பார்க்கிறேனா?
பையிலிருந்த மானியைத் தொட்டுப் பார்த்தேன்.
கண்டறியும் எல்லைக்குக் கீழே.