பதினொன்றாம் எண்ணின் முதுகு

கிளீட்டஸின் முகத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.
மூன்று வருடம்
அவன் முதுகைத்தான் பார்த்தேன்.
நீல பனியனில் வெள்ளைப் பதினொன்று.
இரண்டாவது ஒன்று பாதி உரிந்திருக்கும்,
ஓடும்போது அது மட்டும் படபடக்கும்.

நான் பாறசாலைப் பக்கத்துக் கல்லூரிக்கு வலது தடுப்பு.
அவன் பொழிமுகத்துக்கு அந்தப் பக்கம்,
கடல் வருடத்துக்கு ஒரு தெரு தின்னும் ஊர்.
இரு மாநிலக் கல்லூரிகளும் வரும்
சூசையப்பர் சுழற்கோப்பையில்
ஜனவரிதோறும் எனக்கு அவன் வாய்த்தான்.

பயிற்சியாளர் சதாசிவன் நாயர் சொல்லியனுப்பினார்:
“பந்தைப் பாரு. ஆளைப் பார்க்காதே.”
பந்தைப் பார்த்தேன்.
அது அங்கேயே கிடந்தது, அவன் என்னைத் தாண்டியிருந்தான்.
அவனைத் திரும்பிப் பார்த்தேன்.
பந்தும் போயிருந்தது.

கணுக்கால் புதையும் மணலில்
வள்ளம் தள்ளிவிட்டு ஆடிப் பழகிய கால்.
புல்லைக் கண்டதும்
கடன் தீர்ந்தவன்போல் ஓடிற்று.

முதல் வருடம் நான்கு கோல்.
அதில் இரண்டு என் வழியாக.
அடுத்த வருடம் பதினேழு.
என் வழியாக எத்தனை என்று
என் தம்பி சுவரில் கோடு போட்டு வைத்திருந்தான்.
வெள்ளையடித்தும் தெரிகிறது.

இறுதியாட்டத்து மழையில்
மைக்காரர் பாதி மலையாளத்தில் கத்தினார்.
எங்கள் ஊர்க் கூட்டமே எழுந்து நின்று கைதட்டியது,
அவனுக்கு.
சேற்றில் உட்கார்ந்தபடி
நானும் இரண்டு தட்டு தட்டினேன் என்பதை
இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பல்கலைக்கழக அணி. பிறகு மாநிலத் தேர்வு.
எந்த மாநிலம் என்பதில் நின்றது.
ஞானஸ்நானப் பதிவு திருவனந்தபுரத்து மறைமாவட்டம்.
ரேஷன் அட்டை தமிழ்நாடு.
இந்த அலுவலகத்தில் உன் பேச்சு அந்தப் பக்கம் என்றார்கள்,
அந்த அலுவலகத்தில் உன் அட்டை இந்தப் பக்கம் என்றார்கள்.
அவன் தாண்ட முடியாமல் போன முதல் கோடு
சுண்ணாம்பில் போட்டதல்ல.

மூன்றாம் வருடம்
மலப்புரத்துச் செவன்ஸுக்குப் போனான்.
மூங்கில் காலரி, இரவு விளக்கு,
ஆட்டத்துக்கு மூவாயிரம், கூடவே ஒரு கள்ளப் பெயர்.
நவ்ஷாத் என்ற பெயரில் ஆறு வாரம் பறந்தான்.
ஏழாவது வாரம்
முழங்கால் உள்பக்கமாக மடிந்தது.
மடிந்தது நவ்ஷாதின் கால்,
ஆகவே கிளீட்டஸுக்குச் சிகிச்சைப் பணம் கிடையாது.

அந்த ஜனவரியில் ஒரு மெலிந்த பையன் பதினொன்று போட்டு வந்தான்.
எளிதாகத் தடுத்தேன்.
கோப்பையையும் தூக்கினோம்.
வீட்டில் பாயசம் வைத்தார்கள்,
எனக்கு இனிக்கவில்லை என்று எழுதினால் பொய்,
இரண்டு தம்ளர் குடித்தேன்.

பதினான்கு வருடம்.
அமரவிளைச் சோதனைச் சாவடியில்
மீன் லாரிகளை நிறுத்தி
ஃபார்மலின் இருக்கிறதா என்று காகிதம் தேய்க்கிற
தற்காலிக ஊழியன் நான்.
விடியற்காலை மூன்றே கால்.
பனி ஒழுகும் வண்டியிலிருந்து
வலதுகாலை முதலில் இறக்கி
இடதுகாலைக் கையால் தூக்கி வைத்து இறங்கினான் ஒருவன்.
முகம் தெரியவில்லை.
தார்ப்பாயை அவிழ்க்கத் திரும்பினான்,
முதுகு தெரிந்தது.

சூரையின் செவுளில் காகிதம் தேய்த்தேன். நிறம் மாறவில்லை.
“நல்ல மீனுதான் மக்கா. நீ அந்த ரெண்டாம் நம்பரு இல்லியா?”
முதன்முறையாக உன்னை நிறுத்தியிருக்கிறேன் என்றேன்.
சிரித்தான்.

“எனக்கு உள்ள வெட்டவே தெரியாதுடே.
வெளிய மட்டும்தான். எப்பவும் வெளிய மட்டும்தான்.
நீ ஒரு தடவ கோட்டோரம் நின்னிருந்தா
எனக்க கத அண்ணைக்கே தீந்திருக்கும்.”

சீட்டில் முத்திரை குத்திக் கொடுத்தேன்.
தடுப்புக் கம்பி உயர்ந்தது.
லாரி நெய்யாற்றின்கரைத் திருப்பத்தில் மறைகிறவரை
தாரில் ஒரு ஈரக்கோடு நீண்டது.

அதன்பிறகுதான் கவனித்தேன்,
என் வலதுகால்
தானாகவே ஓர் அடி
ஓரத்துக்கு நகர்ந்து நின்றிருந்தது.